தள்ளினால் ஓடும், உதைத்தால் ஓடாத டர்ட் பைக்: சி.டி.ஐ. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியின் சாரம் இது: 2007ஆம் ஆண்டின் ஹோண்டா சி.ஆர்.எஃப். 250 ஆர் ஒன்றைப் பழையதாக வாங்கி, மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தீர்கள். இப்போது சோக்கை இழுத்துவிட்டுக் கால் வலிக்க உதைத்தாலும் ஓரிரு முறை 'டப்' என்று சத்தம் கேட்பதோடு சரி, இன்ஜின் பிடிப்பதில்லை. ஆனால் சரிவில் இரண்டாம் கியரில் உருட்டிவிட்டால் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பிறகு நன்றாகவே ஓடுகிறது. புதிய பிளக் போட்டும் பயனில்லை. மெக்கானிக் சி.டி.ஐ. (பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் மின்னணுப் பெட்டி) போய்விட்டது என்கிறார். வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களில் பெரும்பாலானவை மின்சாரப் பக்கத்தைக் காட்டவில்லை. இன்டேக் வால்வுகளுக்கும் (கலவையை உள்ளே விடுபவை) அவற்றைத் தள்ளித் திறக்கும் கேமுக்கும் நடுவே இருக்க வேண்டிய சிறு இடைவெளி மூடிக்கொண்டுவிட்டதையும், அதோடு கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளையான பைலட் ஜெட் அடைத்திருக்கக்கூடும் என்பதையுமே காட்டுகின்றன. கிக்கரை உதைக்கும்போது இன்ஜின் சில சுற்றுகள் மட்டுமே, அதுவும் மெதுவாகச் சுழலும். வால்வு சரியாக மூடாமல் சிறிது கசிந்தாலும் அந்த வேகத்தில் கலவை அழுந்துவதற்குள் வெளியேறிவிடும். சரிவில் உருளும்போது இன்ஜின் பல மடங்கு வேகத்தில், விடாமல் சுழல்வதால் கசிவதற்குக் கிடைக்கும் நேரம் குறைந்து, பற்றவைக்கும் அளவுக்கு அழுத்தம் கூடிவிடுகிறது. இந்தத் தலைமுறை சி.ஆர்.எஃப். வண்டிகளில் 'உதைத்தால் வராது, தள்ளினால் வரும்' என்று யார் சொன்னாலும் முதலில் நினைவுக்கு வர வேண்டியது வால்வுதான். கெட்டுப்போன சி.டி.ஐ. தள்ளும்போது மட்டும் வேலை செய்து, அதன்பின் எல்லா வேகத்திலும் ஒழுங்காக ஓடவிடுவது அரிது. ஸ்டேட்டர் (இன்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் சுருள்கள்) பலவீனமாக இருந்தால் இதே போன்ற தோற்றம் வரலாம் என்பதால் அதையும் பின்னர் சோதித்துவிடுவோம்.

ஆனாலும் டேங்கைக் கழற்றி வால்வு மூடியைத் திறப்பதற்கு முன், அரை மணி நேரத்தில் முடியக்கூடிய சில சோதனைகளைச் செய்துவிடுவது நல்லது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கோளாறுகள் சேர்ந்திருப்பது வழக்கம்; எளியதை விட்டுவிட்டுக் கடினமானதைச் சரிசெய்தால், சரிசெய்தும் ஓடவில்லை என்று குழம்ப நேரிடும்.

முதலில் உதைக்கும் முறை. இந்த வண்டியின் கெய்ஹின் எஃப்.சி.ஆர். கார்புரேட்டரில் ஆக்சிலேட்டர் பம்ப் இருக்கிறது. ஆக்சிலேட்டரை ஒவ்வொரு முறை திருகும்போதும் அது பெட்ரோலை நேரடியாகப் பீய்ச்சும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சோக்கை இழுத்து, இரண்டு முறை திருகிவிட்டு, அதன்பின் ஆக்சிலேட்டரைத் தொடாமலே உதைக்க வேண்டும். கிக்கரை மெதுவாக அழுத்தி, இறுக்கம் வரும் இடத்தைத் தாண்டியதும் மேலே வரவிட்டு, முழு நீளத்துக்கு ஒரே உதையாக உதைப்பது முக்கியம். பாதியில் நிற்கும் அவசர உதைகள் பத்து போட்டாலும் பயனில்லை. ஒவ்வொரு உதைக்கும் ஆக்சிலேட்டரைத் திருகும் பழக்கம் இருந்தால், பிளக் பெட்ரோலில் நனைந்து அதுவே தனிக் கோளாறாகிவிடும். அப்படி நனைந்திருந்தால் சோக்கை உள்ளே தள்ளி, இடது கைப்பிடியில் உள்ள, கூடுதல் காற்றை உள்ளே விடும் ஹாட் ஸ்டார்ட் நெம்பை இழுத்துப் பிடித்து, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து, இன்ஜினை அணைக்கும் கில் பட்டனை அழுத்தியபடியே ஏழெட்டு முறை உதைத்தால் சிலிண்டரில் தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும்.

அடுத்தது காற்று போகும் வழி. கொட்டகையில் கிடந்த வண்டி என்பதால் இதைச் சிரிக்காமல் செய்யுங்கள்: சைலன்சர் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள், ஏர் பாக்ஸைத் திறந்து பாருங்கள். குளவி சைலன்சரில் மண்கூடு கட்டுவதும், எலி ஏர் ஃபில்டரைக் கடித்துக் கூடு அமைப்பதும் நம் ஊரில் நடக்கிற காரியம். டேங்க் மூடியிலிருந்து வரும் மெல்லிய காற்றுக் குழாயையும் கழற்றி ஊதிப் பாருங்கள். அதில் சேறு அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். ஏர் ஃபில்டரின் ஸ்பஞ்சு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் பின்னால் வரும்.

இனி பெட்ரோல். டேங்கில் இருப்பதை முழுவதும் இறக்கிவிடுங்கள். இன்று நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓரளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டருக்குப் போவது அடியில் இருப்பதுதான். கார்புரேட்டரின் கீழே உள்ள பெரிய நட்டைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காகவோ மணிகளாகவோ ஏதாவது தெரிந்தால் அது தண்ணீர். பெட்ரோல் வாசனை மாறி வார்னிஷ் போல நெடி அடித்தாலோ, நட்டின் உட்புறத்தில் பிசின் படிந்திருந்தாலோ, பைலட் ஜெட் அடைத்திருப்பது ஏறக்குறைய உறுதி.

பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டரை விடச் சிறியது. இன்ஜினைப் பிடிக்கவைப்பதும் ஐடிலில் ஓடவைப்பதும் அந்தத் துளைதான். ஆக்சிலேட்டரைத் திறந்து ஓட்டும்போது மெயின் ஜெட் பொறுப்பேற்றுக்கொள்கிறது. பிடித்த பிறகு நன்றாக ஓடுகிறது என்று நீங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு விளக்கம். ஆகவே கார்புரேட்டரின் கீழ்க்கிண்ணத்தைக் கழற்றி, பைலட் ஜெட்டைத் தளர்த்தி எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஒளி வருகிறது என்பது மட்டும் போதாது, பாதி அடைத்த துளையிலும் ஒளி வரும். குழாயின் பக்கவாட்டில் உள்ள நுண்துளைகளையும் பாருங்கள். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, மின்வயரின் ஒற்றைச் செப்பு இழையை நுழைத்து எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். குண்டூசியோ இரும்புக் கம்பியோ வேண்டாம். துளையை அகலப்படுத்திவிட்டால் பிறகு என்ன செய்தாலும் கலவை சரிவராது. ஜெட்டைக் கழற்றிய நிலையில் அந்த வழியே கிளீனரை அடித்து, அது கார்புரேட்டரின் வாயில் இன்ஜின் பக்கமுள்ள சிறு துளையில் தாரையாக வெளிவருகிறதா என்றும் பாருங்கள். ஜெட் சுத்தமாக இருந்தும் பாதை அடைத்திருப்பது உண்டு. பலர் ஜெட்டை மட்டும் பார்த்து விட்டுவிடுகிறார்கள். ஐடில் கலவையைத் திருத்தும் ஃபியூயல் ஸ்க்ரூவைக் கழற்றுவதானால், முதலில் அதை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். அதன் நுனியில் ஸ்பிரிங், சிறு வாஷர், கடுகளவு ரப்பர் வளையம் ஆகியவை இருக்கும், மூன்றும் தொலைவதற்கென்றே செய்யப்பட்டவை. ஆக்சிலேட்டர் பம்பின் ரப்பர்ச் சவ்வின் மீது கிளீனர் படக்கூடாது.

இவ்வளவையும் முடித்துப் புதிய பெட்ரோல் ஊற்றி உதைத்து, வண்டி பிடித்துவிட்டால் மகிழ்ச்சி. ஆனாலும் வால்வு இடைவெளியை அளக்காமல் விட வேண்டாம் என்பதே என் கருத்து.

மின்சாரப் பக்கத்தை இரண்டு சோதனைகளில் முடித்துவிடலாம். பிளக்கைக் கழற்றி, கேப்பில் பொருத்தி, அதன் உலோக உடலை இன்ஜினின் வெற்று உலோகத்தோடு உறுதியாகத் தொடவைத்து உதைத்துப் பாருங்கள். நீலநிறமாக, சொடுக்குப் போடும் ஓசையோடு பிளக் நுனியில் கரண்ட் (தீப்பொறி) வந்தால் சி.டி.ஐ., காயில், ஸ்டேட்டர் மூன்றுக்கும் அநேகமாக நற்சான்று கொடுத்துவிடலாம், ஏனெனில் கிக்கரின் மெதுவான வேகத்திலேயே அது வந்திருக்கிறது. இரண்டு எச்சரிக்கைகள்: பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும் என்பதால் பிளக்கை அத்துளைக்கு அருகில் பிடிக்காதீர்கள், பிளக்கை உலோகத்தில் தொடவைக்காமல் வெறுமனே தொங்கவிட்டு உதைக்காதீர்கள், போக வழியில்லாத மின்னழுத்தம் நல்ல சி.டி.ஐ.யையும் கெடுத்துவிடக்கூடும்.

கரண்ட் மஞ்சளாக, மெலிதாக, விட்டுவிட்டு வந்தால் முதலில் கில் பட்டனைச் சந்தேகியுங்கள். இவ்வகைப் பந்தய வண்டிகளில் கில் பட்டன் அழுத்தும்போது மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. அதை ஃபிரேமுக்குத் திருப்பிவிட்டு இன்ஜினை அணைக்கிறது. ஆகவே பட்டனுக்குள் ஈரமும் சேறும் புகுந்தாலோ, ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயர் உரசித் தோல் போயிருந்தாலோ, யாரும் அழுத்தாமலே அது பாதி அழுத்திய நிலையில் இருக்கும். பட்டனின் வயரை இணைப்பிலிருந்து கழற்றிவிட்டு மீண்டும் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். சோதனைக்கு மட்டும்தான், அதைக் கழற்றிய நிலையில் ஓட்டக்கூடாது. இதற்குப் பிறகும் கரண்ட் பலவீனமாக இருந்தால், பிளக் கேப்பையும் இணைப்புகளையும் உலர்த்திச் சுத்தம் செய்து, மல்டிமீட்டரால் ஸ்டேட்டரின் சுருள்களை அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். சி.டி.ஐ.யை அப்படி நேரடியாக அளந்து சொல்ல எளிய வழி இல்லை. மற்ற எல்லாம் சரியென்று ஆன பிறகு எஞ்சுவதால்தான் அதன் மீது பழி விழ வேண்டும். உங்கள் மெக்கானிக் அந்த வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறார்.

இப்போது வால்வுக்கு வருவோம். இந்த இன்ஜினில் இரண்டு இன்டேக் வால்வுகளும் டைட்டானியத்தால் ஆனவை. எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் எஃகு. நிமிடத்துக்கு 13,000 சுற்றுகள் வரை போகும் இன்ஜினில் வால்வு எடை குறைவாக இருப்பது பெரும் வசதி என்பதால் டைட்டானியத்தைத் தேர்ந்தார்கள். ஆனால் டைட்டானியம் தன்னளவில் தேய்மானத்தைத் தாங்குவதில்லை. அதன் மேலிருக்கும் மெல்லிய கடினப் பூச்சுதான் தாங்குகிறது. ஏர் ஃபில்டர் வழியே நுண்மணல் உள்ளே போனால் வால்வு மூடும்போது சீட்டில் (ஹெட்டில் உள்ள வளையம்) உட்காரும் விளிம்பில் பூச்சு அரைபட்டுப் போய், அடியிலுள்ள உலோகம் வேகமாகக் குழிந்து தேய்கிறது. ஃபில்டரின் நிலையைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். எண்ணெய் தடவாத, ஓரத்தில் கிரீஸ் இல்லாமல் உட்கார்ந்த ஃபில்டரோடு ஓடிய வண்டி என்றால், பழைய உரிமையாளர் உங்களுக்கு எதை விற்றார் என்பது விளங்கிவிடும்.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. சாலையில் ஓடும் பழைய வண்டிகளில் தேய்மானம் என்றால் டேப்பட் தளர்ந்து 'டிக் டிக்' என்று அடிக்கும். அதைக் கேட்டுப் பழகிய காது, சத்தம் இல்லையென்றால் டேப்பட் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடும். இங்கே நடப்பது நேர்மாறு. வால்வின் விளிம்பு தேயத் தேய வால்வு சீட்டுக்குள் மேலே ஏறுகிறது. அதன் தண்டின் நுனி கேமை நெருங்குகிறது. இடைவெளி கூடாமல் குறைகிறது. குறைந்து குறைந்து பூஜ்யமானதும் கேம் வால்வை முழுவதும் மூடவிடாமல் அழுத்திக்கொண்டே நிற்கும். இன்ஜின் முன்னைவிட அமைதியாகக்கூட ஒலிக்கும். அமைதியான சி.ஆர்.எஃப். ஒன்று உதைத்து வரவில்லையென்றால் அந்த அமைதியே சந்தேகத்துக்குரியது.

அளப்பதற்கு இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சீட், டேங்க், வால்வு மூடி ஆகியவற்றைக் கழற்றும் முன், சுற்றிலுமுள்ள மண்ணைத் துடைத்துக் காற்றடித்துவிடுங்கள். திறந்த பிறகு விழும் ஒரு சிட்டிகை மணல், இதுவரை நடந்த சேதத்தைவிடப் பெரிய சேதத்தைச் செய்துவிடும். மேனுவலில் காட்டியுள்ள குறிகள் நேராக வரும்வரை கிராங்கைச் சுழற்றி, பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் டாப்பில் நிற்கிறதா, கேமின் மூக்குகள் வால்வுகளை அழுத்தாமல் இருக்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். குளிர்ந்த நிலையில் இன்டேக் இடைவெளி 0.12 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.28 மி.மீ.; இரண்டிலும் 0.03 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம். இன்டேக் பக்கம் 0.10 ஃபில்லர் கேஜில் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டே வாருங்கள். கேஜ் மெல்லிய பிடிப்போடு வழுக்கி நுழைய வேண்டும். திணித்து நுழைப்பது அளவாகாது. இரண்டு இன்டேக் வால்வுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை, பெரும்பாலும் ஒன்று மற்றதைவிட இறுகியிருக்கும். 0.05 கூட நுழையவில்லையென்றால் உங்கள் வண்டி ஏன் உதைத்து வரவில்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

சரிசெய்வது, வால்வுத் தண்டின் நுனியில் உட்காரும் ஷிம் எனப்படும் சிறு வட்டத் தகட்டை மாற்றுவதன் மூலம். இவை 0.025 மி.மீ. படிகளில் கிடைக்கின்றன. எடுத்துக்காட்டாக, இடைவெளி 0.05 என்று அளந்திருக்கிறீர்கள், வேண்டியது 0.12, இப்போதுள்ள ஷிம் 1.850 என்று வைத்துக்கொண்டால், 0.07 குறைய வேண்டும், 1.775 ஷிம்மைப் போட்டால் இடைவெளி 0.125 ஆகும். ஷிம்மின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளந்துகொள்ளுங்கள். கேமைத் தூக்கும் முன் டைமிங் செயினை ஒரு கம்பியால் கட்டி மேலே நிறுத்தி, செயின் இறங்கும் பள்ளத்தைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். ஷிம்மை மூடியிருக்கும் கிண்ணமான இன்டேக் பக்கட்டைக் காந்தத்தால் இழுத்து எடுக்கும்போது ஷிம் எண்ணெய்ப் பசையில் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். பாதி வழியில் உதிர்ந்தால் நேரே இன்ஜினுக்குள்தான் போகும். துணி அங்கே இருக்க வேண்டியதன் காரணம் இதுவே. திரும்பப் பூட்டும்போது கேம் ஹோல்டர் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் கைக்கணக்கில் இறுக்க வேண்டாம். கருவியோ கைப்பழக்கமோ இல்லையென்றால் அளப்பதை மட்டும் நீங்கள் செய்து, ஷிம் வேலையைப் பந்தய வண்டிகளைப் பார்க்கும் பட்டறையில் கொடுப்பதில் தவறில்லை.

கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். இந்த இன்ஜினின் கேமில் தானியங்கி டிகம்ப்ரஸர் இருக்கிறது. உதைக்கும் வேகத்தில் அது எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து அழுத்தத்தைக் குறைத்துவிடுவதால், நல்ல இன்ஜினிலும் கேஜ் குறைந்த எண்ணையே காட்டும். அதைப் பார்த்துப் பயந்து பிஸ்டனும் ரிங்கும் மாற்றியவர்கள் உண்டு. லீக் டவுன் சோதனைதான் நம்பத்தக்கது: பிஸ்டனை டாப்பில் நிறுத்தி, பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுத்து, காற்று எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேட்பது. கார்புரேட்டர் வாயில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்ஜினின் பிரீதர் குழாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

உங்கள் இரண்டாவது கேள்வி: அதே கொட்டகையில் நின்ற நண்பரின் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியும் ஸ்டார்ட் ஆகவில்லையே, அதற்கும் இதே வழியா? இல்லை. அதில் பேட்டரியிலிருந்து தொடங்க வேண்டும். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். செல்ஃப் மோட்டார் சுழன்றாலும் கணினிப் பெட்டிக்கும் பம்புக்கும் வேண்டிய மின்னழுத்தம் அந்த நேரத்தில் கிடைக்காமல் போகலாம். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடிகள் ரீங்கரிக்க வேண்டும்; ரீங்காரம் இல்லையென்றால் ஃபியூஸையும் பம்பின் இணைப்பையும் பாருங்கள். சைடு ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு படிந்திருந்தால் வண்டி கியரில் ஸ்டார்ட் ஆகாது. வண்டி எப்போதாவது கீழே சரிந்திருந்தால், சாய்வு உணரி இன்ஜினை நிறுத்தி வைத்திருக்கும். நிமிர்த்திச் சாவியை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் விடுபடும்.

உங்கள் வண்டிக்குத் திரும்பினால், ஷிம் மாற்றிய பிறகு அது இரண்டு மூன்று உதையில் பிடித்துக்கொள்ளும் என்றே எதிர்பார்க்கிறேன். ஆனால் அதோடு வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். நான்கு வால்வுகளின் அளவையும், போட்ட ஷிம்களின் எண்ணையும், தேதியையும் எழுதி வைத்து, நான்கைந்து மணி நேரம் ஓட்டியபின் மறுபடி அளந்து பாருங்கள். இடைவெளி அப்படியே நின்றால் அந்த வால்வுகள் இன்னும் சில காலம் உழைக்கும். மறுபடி இறுகியிருந்தால் பூச்சு போய்விட்டது என்று பொருள். மேலும் மெல்லிய ஷிம் போட்டு இழுத்தடிப்பது, உச்ச வேகத்தில் வால்வின் தலை முறிந்து பிஸ்டன் மீது விழும் நாளை வரவழைப்பதாகும். அப்போது ஹெட்டைக் கழற்றி, புதிய வால்வுகளோடு சீட்டையும் புதிதாகக் கடையச் சொல்லுங்கள். தேய்ந்த சீட்டில் புதிய டைட்டானியம் வால்வு வெகு சீக்கிரம் கெட்டுவிடும். பட்டறைக்காரர் வழக்கம்போல அரைப்புப் பசை தடவி வால்வைத் தேய்த்து உட்காரவைக்க முனைந்தால் தடுத்துவிடுங்கள். அந்தப் பசை புதிய வால்வின் பூச்சை அங்கேயே அரைத்துவிடும். பந்தயத்துக்கு அல்லாமல் வார இறுதியில் ஓட்டுவதற்குத்தான் வண்டி என்றால், எஃகு இன்டேக் வால்வுகளையும் அவற்றின் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே வாங்கிப் போடுவதை நான் பரிந்துரைப்பேன். உச்ச வேகத்தில் சிறிது துள்ளல் குறையும். இடைவெளி நெடுங்காலம் நிற்கும். சி.டி.ஐ.க்கு ஒதுக்கிய பணத்தில் இப்போதைக்கு ஒரு ஃபில்லர் கேஜ் தொகுப்பும் ஒரு புதிய ஏர் ஃபில்டரும் வாங்குங்கள். அளந்த நான்கு எண்களையும் எழுதி அனுப்பினால், எந்த ஷிம் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.